ஈரலமுது குடித்த ஆடு

ராயபுரத்தில் கறிக்கடை வைத்திருக்கும் அமீருதீன், தினம் காலையில் ஆட்டு ஈரலை அறுத்து ஊருக்கெல்லாம் விற்றவன், ஒரு நாள் தன் ஈரலிலேயே பாதியை அறுத்துத் தங்கைக்குக் கொடுத்தான். தங்கை இஷ்ரத்துக்குக் கண்ணும் நகமும் மஞ்சளாகி, வயிறு பானையாக உப்பி, வேறு ஈரல் வைத்தால் ஒழியப் பிழைக்கமாட்டாள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "எங்கிட்டேர்ந்து எட்த்துக்கோங்க சார், தெனம் அறுக்கிற சாமான்தானே" என்றான் இவன். பெருமைக்குச் சொன்னதில்லை, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னது.

அறுத்த டாக்டர் நல்ல மனிதர். டிஸ்சார்ஜ் அன்று இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"அமீர் பாய், உங்க ஈரல் தானா வளந்துடும். அதோட சுபாவம் அது. மருந்தே தேவையில்ல, நல்லா சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க போதும். இஷ்ரத்துக்குத்தான் மாத்திரை. அண்ணன் ஈரலா இருந்தாலும் அவங்க ஒடம்பு அதை வேத்தாள்னு நெனச்சு அடிக்கப் பாக்கும். அந்த ஒடம்பை அடக்கிவைக்கிற மாத்திரை இது. ஆயுசுக்கும் சாப்பிடணும். நிறுத்தினா ஈரல் போயிடும், ஆளும் போயிடும்."

இந்த மாத்திரையை வெளியே வாங்கித் தின்ன வேண்டுமென்றால் கறிக்கடையை விற்க வேண்டும். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. ஆனால் வடசென்னைக்காரர்கள் அதை வாங்கப் போகவேண்டிய இடம், திருவொற்றியூரில் புதிதாகத் திறந்திருந்த 'வடசென்னை மூலிகைவழிக் கல்லீரல் மறுவளர்ச்சி உயராய்வு நடுவம்'. பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால், சொல்லி முடிப்பதற்குள் திருவொற்றியூர் போய் எண்ணூர் வந்துவிடும். ஜனங்கள் சுருக்கமாக 'நடுவம்' என்றார்கள். அங்கே போய் வந்தவர்கள் வேறு பெயர்களும் வைத்திருந்தார்கள். அவற்றை அச்சில் ஏற்ற முடியாது.

நடுவத்தின் வாசலில் ஆளுயரப் பித்தளை ஈரல் ஒன்று இருந்தது. பார்த்தால் லாரி ஏறி நசுங்கிய செருப்பு மாதிரி இருக்கும். அதற்குத் தினமும் மாலை. காலை ஒன்பது மணிக்கு வந்திருக்கும் அத்தனை நோயாளிகளும் வலது கையை வலது விலாவில் வைத்துக்கொண்டு அதன் எதிரே நிற்கவேண்டும். அதற்கு 'ஈரல் வணக்கம்' என்று பெயர். ஒலிபெருக்கியில் 'வளர்வாய் வளர்வாய் ஈரலே' என்று பாட்டு வரும். கூடவே பாட வேண்டும். வாய் அசையாதவர்களுக்கு டோக்கன் கிடையாது. வயிற்றுத் தையல் இன்னும் ஆறாத ஜனம் வெயிலில் நின்றுகொண்டு, பிளந்த விலாவைப் பிடித்தபடி பாடிய கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்து, பக்கத்து டீக்கடைக்காரர் முதல் நாள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

நடுவத்தின் இயக்குநர் டாக்டர் குணசேகரன். அவர் கண்டுபிடித்தது 'ஈரலமுது'. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, மூக்கிரட்டை மூன்றையும் காய்ச்சி வடித்த சாறு. மூன்றும் நல்ல செடிகள்தான், அவற்றின்மேல் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அவற்றைப் பறித்து வந்த இடம்தான் விஷயம். மூலிகை சப்ளை காண்டிராக்ட் எடுத்த புண்ணியவான் மலை ஏறவுமில்லை, வயலில் இறங்கவுமில்லை. சடையங்குப்பத்தில் எண்ணெய் படர்ந்த குட்டையோரமும் கொடுங்கையூர் குப்பைமேட்டுச் சரிவிலும் முளைத்ததைப் பிடுங்கி மூட்டை கட்டி இறக்கினான். சாற்றைத் திறந்தால் கரி ஆயிலில் கருவாடு ஊறிய வாடை வரும். ஒரு நோயாளி துணிந்து கேட்டும் விட்டார். அதற்கு இயக்குநர் சொன்ன பதிலைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்:

"மலையில் வளரும் மூலிகை சுகவாசி. அதற்கு வாழ்க்கை தெரியாது. நம் மண்ணின் கீழாநெல்லி கழிவைக் குடித்து, குப்பைப் புகையைச் சுவாசித்து, அப்படியும் சாகாமல் நிற்கிறது. அந்த வைராக்கியத்தைத்தான் நாம் சாறாக இறக்குகிறோம்."

நடுவத்தின் சட்டம் எளிமையானது. ஈரல் வாங்கினவருக்கு மாத்திரை வேண்டுமென்றால், கொடுத்தவர் வாராவாரம் ஈரலமுது பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்க் குடிக்க வேண்டும். இவன் குடித்தால் அவளுக்கு மாத்திரை. அமீருதீன் முதல் நாள் ஒரு மடக்கு குடித்தான். அடுத்த நிமிஷம் அந்த மடக்கும், அதற்கு முன் தின்ற இட்லியும், நேற்றைய கறிக்குழம்பும் வாசல் சாக்கடையில் கிடந்தன. தையல் பிரிந்துவிட்டதோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி லுப்னா பாட்டிலைப் பிடுங்கி மோந்து பார்த்தாள்.

"யா அல்லா! இன்னா கலீஜு இது! இத்த மனுசன் குடிப்பானா? தா இப்டி."

பக்ரீத்துக்காக வீட்டு வாசலில் ஒரு கிடா கட்டியிருந்தார்கள். சாக்கடையில் ஊற்றப் போன லுப்னாவின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்து அது தலையை நீட்டியது. பச்சிலை வாடைக்கு வந்ததோ என்னவோ, தவிட்டுத் தண்ணீரில் கலந்து வைத்தால் உறிஞ்சிக் குடித்தது. அன்றிலிருந்து வாராவாரம் ஈரலமுது கிடாவுக்கு. பாட்டில் காலியானால் நடுவத்துக்குச் சந்தோஷம், மாத்திரை வந்தால் இஷ்ரத்துக்குச் சந்தோஷம், கிடாவுக்கு எதுவானாலும் சந்தோஷம். யாருக்கும் நஷ்டமில்லை என்று அமீருதீன் நிம்மதியாக இருந்தான்.

பக்ரீத் வந்தது. முறைப்படி கறியை மூன்று பங்கு வைத்தார்கள். ஒன்று இல்லாதவர்களுக்கு, ஒன்று சொந்தபந்தத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. அதற்கடுத்த மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சொன்னபடியே அவன் ஈரல் வளர்ந்து பழைய அளவுக்கு வந்திருந்தது. அந்தப் படத்தைக் கொண்டுபோய் நடுவத்தில் காட்டினான் பாருங்கள், அங்கே பிடித்தது சனியன்.

இயக்குநர் படத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார். மணி அடித்தார். நிர்வாக அலுவலர் கருணாகரன் ஓடி வந்து, அவரும் பார்த்து, காரணம் தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வளர்ந்துவிட்டது கருணாகரன்!"

"தங்கள் காலத்திலேயே வளர்ந்துவிட்டது ஐயா!"

அமீருதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், டாக்டர் அப்பவே சொன்னாரு. அது தானா வளரும்னு."

இயக்குநர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தானாக வளர்வது மேல்நாட்டார் கிளப்பிவிட்ட வதந்தி, தம்பி. தானாக வளருமென்றால் இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு? நான் எதற்கு?"

நியாயமான கேள்விதான்.

வெளியே வந்த அமீருதீன், எலிக்கூடத்தைக் கவனிக்கும் மலரிடம் சொல்லிப் புலம்பினான். மலர் எண்ணூர்க் குப்பத்துப் பெண். மீன் கூடையைத் தூக்குவதைவிட எலிக்கூண்டு தூக்குவது மேல் என்று வேலைக்குச் சேர்ந்து, இப்போது மீனே மேல் என்று சொல்லிக்கொண்டிருப்பவள்.

"நீ வேற பாய். இங்க எலிக்கு ஈரல்ல முக்காவாசி வெட்டி எடுப்பாங்க. பாதி எலிக்கு அந்தச் சாறு, மீதிக்கு வெறுந்தண்ணி. கடசில பாத்தா ரெண்டுக்கும் ஒரே சைஸ்ல வளந்துகீது. ஐயா மெர்சலாயிட்டாரு."

"அப்பால இன்னா பண்ணாரு?"

"தண்ணி எலிங்க ஒழுங்கீனமா நடந்துகினுச்சாம். அத்தினியும் டிஸ்மிஸ். இப்ப சாறு எலி மட்டுந்தான். நூத்துக்கு நூறு வெற்றின்னு போர்டு வெச்சுகிறாங்க, பாக்கல?"

அடுத்த வாரம் விழா. மேடையில் அமீருதீனுக்குச் சிம்மாசனம் போட்டார்கள், 'மறுவளர்ச்சி மாமன்னர்' என்று ஜரிகைத் துண்டு போர்த்தினார்கள். பிறகு சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். வெட்கத்தில் அவன் தயங்க, கருணாகரனே தூக்கிவிட்டார். சிறப்பு விருந்தினர் ஒருவர் தழும்பை விரலால் குத்திப் பார்த்து, "உள்ளே கெட்டியாக இருக்கிறது" என்று மைக்கில் சான்றளித்தார். போட்டோக்காரர்கள் சரியாக விழவில்லை என்றதும் இன்னொரு முறை குத்தினார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இஷ்ரத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கறிக்கடையில் தொங்கும் ஆட்டைக்கூட வாங்க வருகிறவர்கள் இப்படித் தொட்டுப் பார்க்க அமீருதீன் விட்டதில்லை.

அதோடு விட்டிருந்தாலும் தொலையட்டும். இயக்குநர் பேச எழுந்தார்.

"பெரியோர்களே! மாமன்னரின் ஈரலில் ஒரு பாதி இவருக்குள், மறுபாதி இவர் தங்கைக்குள். அண்ணனின் பாதி நம் சாற்றால் தழைக்கிறது. தங்கையின் பாதி மட்டும் அந்நிய மாத்திரையிடம் பிச்சை எடுப்பதா? ஒரே ஈரலுக்கு இரண்டு நீதியா? அடுத்த மாதம் முதல் இஷ்ரத் அம்மையாருக்கு மாத்திரை நிறுத்தப்படும். ஈரலமுது மட்டுமே வழங்கப்படும். உலகம் வியக்கப்போகிறது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இஷ்ரத் அண்ணனைப் பார்த்தாள். அவளிடம் பதினைந்து நாள் மாத்திரை மிச்சம் இருந்தது.

அமீருதீன் கும்பிடாத ஆளில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அந்த நல்ல டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நடுவத்தில் அந்தக் கடிதத்துக்கு வரவேற்பு தெரிவித்துப் பதில் கடிதம் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி கவுண்டரிலோ, "ஒங்க ஏரியாவ நடுவத்துக்கு மாத்தியாச்சு, இங்க குடுத்தா ஆடிட்ல கேப்பாங்க" என்று ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். கடைசியில் வேறு வழி தெரியாமல் இயக்குநர் அறைக்குள் போய் நின்றான்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தச் சாற நா குடிக்கவே இல்ல. மொத நாளே வாந்தி எடுத்துட்டேன். மீதியெல்லாம் ஆட்டுக்கு ஊத்திட்டோம். என் ஈரல் அதால வளரல. தங்கச்சிக்கு மாத்திரைய நிறுத்தாதீங்க சார், ஒங்க கால்ல வேணா வுழுறேன்."

இயக்குநரின் முகம் கறுத்துச் சிறுத்தது. கருணாகரன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உண்மை ஜெயித்துவிட்டதென்றே அமீருதீன் நினைத்தான். பாவம், இத்தனை நாள் அங்கே போய் வந்தும் அவனுக்கு இடத்தைப் பற்றித் தெரியவில்லை.

"அந்த ஆடு," என்றார் இயக்குநர் மெதுவாக, "இப்போது எங்கே?"

"பக்ரீத்துக்குக் குர்பானி குடுத்துட்டோம் சார்."

"அதன் ஈரல்?"

மறுநாளே ராயபுரத்தில் விசாரணைக் குழு வந்து இறங்கியது. கையில் குறிப்பேடு, கழுத்தில் அட்டை, மூக்கில் கைக்குட்டை. லுப்னா நாற்காலி போட்டு டீ கொடுத்தாள்.

"மருந்து அருந்திய காலத்தில் ஆட்டின் நடத்தை எப்படி இருந்தது?"

"ஆடு மாரிதான் சார் இருந்துச்சு."

"மனச்சோர்வு?"

"கட்டிப்போட்டா கத்தும். அவுத்துவுட்டா துன்னும்."

"ஈரலை உண்டவர் யார்?"

லுப்னா யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "பெருநாள் தொழுகை முடிஞ்சு வந்ததும் மொதல்ல ஈரலத்தான் வறுப்போம் சார், அது வழக்கம். இந்த வருசம் இவுருக்கே முழுசா வெச்சிட்டேன். வெட்டிக் குடுத்த ஒடம்பாச்சே, தேறட்டும்னு."

குழு மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர் லுப்னாவின் காலைத் தொடக் குனிந்தார். அவள் வெலவெலத்து உள்ளே ஓடிவிட்டாள். கறிப்பங்கு போன வீடுகளையெல்லாம் தேடிப் போய்க் கதவைத் தட்டி, "உங்கள் ஈரல் நலமா?" என்று விசாரித்தார்கள். எல்லோரும் நலம் என்றார்கள், விசாரிக்கும்வரை நலமாகத்தான் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. ஈரலமுது வெற்றி. அதுவும் முன்பு நினைத்ததைவிடப் பெரிய வெற்றி. மனிதர்கள் அதை நேரடியாகக் குடிப்பதுதான் இதுவரை நடந்த பிழை. ஆடு குடித்து, ஆட்டின் ஈரலில் தங்கி, அந்த ஈரலை மனிதன் உண்டால் பலன் முழுமை. ஆகவே ஆட்டுப்பண்ணை ஒன்று அமைக்கப்படும். அதற்கான நிதி எங்கிருந்து வரும் என்று கேட்பதற்குள் பதிலும் சொல்லிவிட்டார்கள். மாத்திரை வாங்கும் நிதி அப்படியே பண்ணைக்கு மாற்றப்பட்டது. இஷ்ரத்துக்கு மட்டுமில்லை, வடசென்னையில் மாற்று ஈரலோடு வாழும் அத்தனை பேருக்கும் மாத்திரை நிறுத்தம். ஆடுகள் பக்குவமாகும்வரை பொறுமை காக்குமாறு நோயாளிகள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

அமீருதீன் கடையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டான். ஒருத்திக்கு நின்றதை எல்லோருக்குமாக நிறுத்திவிட்டு வந்திருக்கிறோமே என்ற நினைப்பு மனத்தை அறுத்தது. இஷ்ரத் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தின்ன ஆரம்பித்திருந்தாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு செய்தாள். லுப்னா பார்த்துவிட்டு இரவெல்லாம் அழுதாள்.

கையிலிருந்தது முதலில் தீர்ந்தது ரவிக்குமாருக்கு. எண்ணூரில் விசைப்படகில் போகிறவன். பெற்ற தாய் கன்னியம்மா ஈரல் கொடுத்துப் பிழைக்கவைத்த பிள்ளை. ஈரல் வணக்கத்தில் இஷ்ரத்துக்கு முன் வரிசையில் நிற்பான், பாட்டைக் கெட்ட வார்த்தை போட்டு மாற்றிப் பாடி அவளைச் சிரிக்க வைப்பான். ஒரு வாரம் கண் மஞ்சளாக நின்றான். மறுவாரம் சுவரைப் பிடித்து நின்றான். அதற்கடுத்த வாரம் அவன் இடம் காலியாக இருந்தது.

அன்று காலை ஒலிபெருக்கியில் இயக்குநரே பேசினார். "மகிழ்ச்சியான செய்தி! நம் ரவிக்குமார் மாத்திரை கேட்டு வருவதை அடியோடு நிறுத்திவிட்டார். மாத்திரையின்றி வாழும் முதல் மனிதர் என்று அவரை அறிவிக்கிறோம். எல்லோரும் விலாவில் கை வையுங்கள்!"

"செத்துட்டான் சார்!" அமீருதீன் கத்தினான். "நேத்து சாய்ந்திரம் எட்த்தாச்சு! நா போயிட்டு வந்தேன். அவங்கம்மா மண்ணுல பொரண்டுகினு அழுவுது. மகிழ்ச்சியான செய்தியா இது? தூ! நீங்கல்லாம் சோத்த துன்றீங்களா, வேற எதுனா துன்றீங்களா?"

கருணாகரன் நிதானமாக இறங்கி வந்து அவன் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"ஆவேசப்படக் கூடாது. நேற்றுக் காலையே அவரைக் குணமானவர் பட்டியலுக்கு மாற்றிவிட்டோம். மதியம் இறந்தபோது அவர் நோயாளி இல்லை. குணமானவர்கள் இறப்பது நம் துறையில் வராது."

அமீருதீன் கத்தியைக் கடையில் வைத்துவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

ஆனால் இஷ்ரத்திடம் இன்னும் நாலு மாத்திரைதான் இருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? கையைக் கூப்பினான். "சார், எதுனா ஒரு வழி பண்ணுங்க சார்."

கருணாகரன் சுற்றும் முற்றும் பார்த்தார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர், நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஈரத்தையும் விதிப்படிதான் காட்டுவார், அவ்வளவுதான்.

"மாத்திரை இங்கேயேதான் இருக்கிறது. ஏராளமாக இருக்கிறது. மாற்று ஈரல் வைத்த எலிகளுக்குத் தனித் திட்டம் ஓடுகிறது. அதில் கை வைக்க இயக்குநராலும் முடியாது. பிராணி நல அமைப்பு வந்து கேட்கும், நிதி நின்றுபோகும். மனிதருக்குத்தான் கேட்பார் இல்லை." குரலைத் தாழ்த்தினார். "இரண்டு மூன்று எலி இறந்துவிட்டதால் இடம் காலி. உங்கள் தங்கைக்கு ஆட்சேபணை இல்லையென்றால்..."

அமீருதீனுக்கு அது மண்டைக்குள் இறங்கவே நேரம் பிடித்தது. அதற்குள், பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்த இஷ்ரத் முன்னால் வந்தாள்.

"எலின்னு எழுதிக்கோங்க சார்."

"இஷ்ரத்!"

"சும்மா இரு அண்ணே. ரவி மனுசனாதான் இருந்தான். இன்னா ஆச்சு?"

அன்றே எலிக்கூடத்தில் சேர்த்தார்கள். எலிகளுக்குப் போடுவதுபோல அவள் காதிலும் எண் போட வேண்டும் என்று ஓர் உதவியாளர் இடுக்கியைக் கொண்டு வந்தார். மலர் அந்த இடுக்கியைப் பிடுங்கி மூலையில் எறிந்துவிட்டு, கம்மலில் ஒரு சீட்டைக் கட்டிவிட்டாள். எடைக்குத் தகுந்த மருந்து என்பது விதி என்பதால், இஷ்ரத் ஓர் எலியாக அல்ல, தன் எடையளவுக்கு ஒரு பெருங்கூட்டம் எலியாகக் கணக்கில் ஏறினாள். தினம் காலையும் மாலையும் நேரில் வந்து, கூண்டுகளின் வரிசைக் கடைசியில் தரையில் உட்கார்ந்து மாத்திரை வாங்கி விழுங்கினாள். முதல் நாள் அவள் பக்கத்திலேயே அமீருதீனும் உட்கார்ந்திருந்தான். எலிகளின் வாடையில் மலருக்கே கண் எரிந்தது.

மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்த அவள் கண் கொஞ்சங்கொஞ்சமாக வெளுத்தது. பசி எடுத்தது. ஒரு மாதம் கழித்துப் பிராணி நல ஆய்வாளர் டெபோரா வந்தார். கருணாகரனும் இயக்குநரும் பின்னால் கைகட்டி வந்தார்கள். ஆய்வாளர் கடைசி வரிசையில் நின்று இஷ்ரத்தைப் பார்த்தார். கம்மல் சீட்டைப் படித்தார். கையிலிருந்த தாளைப் படித்தார். இரண்டும் பொருந்தின. பொருந்தியபிறகு அவர் வேறெதுவும் பார்ப்பதில்லை.

"இந்தப் பிராணியை ஏன் தரையில் உட்கார வைத்திருக்கிறீர்கள்?" என்று சீறினார். "படுக்கை எங்கே? மின்விசிறி எங்கே? குடிநீர் எப்போது மாற்றினீர்கள்? ஒரு உயிரை இப்படியா வைத்திருப்பது? வெட்கமாக இல்லை?"

இயக்குநர் வெலவெலத்துப் போனார். எந்த மனிதருக்காகவும் அசையாத அந்தக் கட்டடம் அன்று பறந்தது. கட்டில் வந்தது, மின்விசிறி வந்தது, சுத்தமான தண்ணீர் வந்தது. கருணாகரனே தலையணை உறை மாட்டினார். டெபோரா முட்டிபோட்டு உட்கார்ந்து இஷ்ரத்தின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "வலி இருக்கிறதா? இரவு தூக்கம் வருகிறதா? பயமாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

இஷ்ரத் பொலபொலவென்று அழுதுவிட்டாள். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து எந்த அதிகாரியும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. பார்த்துக்கொண்டிருந்த அமீருதீனும் கைலியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நல்ல அம்மா, அல்லா இவங்களை நல்லா வைக்கணும் என்று நினைத்தான்.

டெபோரா எழுந்து தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இயக்குநரிடம் கண்டிப்பான குரலில் சொன்னார். "மார்ச் மாதத்தோடு இந்த ஆய்வு முடிகிறது. முடிந்ததும் எல்லாவற்றையும் விதிப்படி வலியில்லாமல் கருணைக்கொலை செய்து, ஈரலை எடுத்து எடை போட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். வலியில்லாமல் என்பதை மட்டும் நான் நேரில் வந்து பார்ப்பேன்."

"கட்டாயம் அம்மா," என்றார் இயக்குநர். கருணாகரன் குறித்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு அமீருதீன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தான். "வா இஷ்ரத், போயிடலாம். வேணாம். எந்திரி, இப்பவே போயிடலாம்."

இஷ்ரத் எழுந்திருக்கவில்லை. மலர் கொடுத்த சாயங்கால மாத்திரையை வாயில் போட்டு, புதிதாக வைத்த தண்ணீரைக் குடித்து விழுங்கினாள்.

"மார்ச் வரிக்கும் குடுப்பாங்கல்ல? குடுக்கட்டும் அண்ணே." பிறகு மலர் பக்கம் திரும்பினாள். "ஏங்க்கா, ஏப்ரல்லேர்ந்து இங்க முயல் ஆராய்ச்சி ஆரம்பிக்கிறாங்கன்னு சொன்னியே. அதுக்கு இப்பவே சொல்லி வெக்கணுமா?"